டிரைவர் இல்லாத ரயிலும் மூன்றாவது ஓலையும்

உங்களில் யார் முதலில் சிரித்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன். ஐம்பதைத் தாண்டி, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் பழைய குப்பையைப் பெயர் சொல்லிக் கிளறினால் நன்றாக இருக்காது. ஆனால் போன மாதம் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வாட்ஸப் குழுவில் ஒருவர் வீடியோ போட்டிருந்தாரே, சென்னையில் டிரைவர் இல்லாத மெட்ரோ ரயிலை ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று, அதற்குக் கீழே எத்தனை கும்பிடு, எத்தனை கைதட்டல்! "உலகம் எங்கியோ போயிடுச்சுபா" என்று எழுதியவர், எண்பத்திரண்டில் என் மாமாவின் பின்னால் "டிரைவர் இல்லா ரயிலு, டுப்பு டுப்பு ரயிலு" என்று கத்திக்கொண்டு கோயில் வாசல்வரை ஓடியவர். மாமாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை எழுதுவீர்கள் என்று இரண்டு நாள் பார்த்தேன். ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கப்பலில், எஞ்சின் ரூமில், மிஷினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவர் வந்தால் எங்கள் வீட்டில் டீசலும் வெளிநாட்டு சோப்பும் கலந்த ஒரு வாசனை வந்துவிடும்; அவர் போன பிறகும் பெட்டி வைத்திருந்த மூலையில் பத்து நாள் இருக்கும். எஞ்சின் சத்தத்திலேயே கிடந்ததால் காது மந்தம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அந்தத் தடவை எனக்குக் காந்த மூடி போட்ட பென்சில் டப்பா கொண்டுவந்தார். மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். வகுப்பில் டீச்சர் எழுதப் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், டக் டக் என்று மூடித் திறந்துகொண்டிருப்பேன். உங்களில் பாதிப் பேர் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்கள். எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை.

டப்பாவோடு ஒரு படக் கார்டும் இருந்தது. கெட்டியான வழவழப்புத் தாள். நீலக் கடல், ஒரு பாலம், பாலத்தின் மேல் வெள்ளை நிறத்தில் சின்னதாக ஒரு ரயில். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இல்லை.

மாமா அந்தத் தடவை வந்தது கல்யாணத்துக்கு. பெண் நம் ஊரின் இன்னொரு கோடி, ரயில் பாதைப் பக்கம். டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய எம்ப்ராய்டரி கூடத்தில் வேலை. காலை வண்டியில் போய் சாயங்கால வண்டியில் வருவார். இரண்டு பேரும் நாலு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தபால்காரரிடம் வாங்கிப் பாவாடையில் சொருகிக்கொண்டு போய்க் கொடுத்தவள் நான்தான். பெண்ணுக்குப் பாகூரில் ஓர் அத்தை மகன் காத்துக்கொண்டிருந்தான். இந்த லீவில் கல்யாணம் நடக்காவிட்டால் பெண் பாகூருக்குப் போய்விடும், மாமா கப்பலுக்குப் போய்விடுவார். கதை முடிந்தது. மாமாவுக்கு இருந்தது ஐந்தே வாரம்.

பெண்ணின் அப்பா ரிட்டயர்டு எஞ்சின் டிரைவர். ஊரே அவரை டிரைவர் என்றுதான் சொல்லும். முப்பது வருடம் விழுப்புரம் பாசஞ்சரை ஓட்டியவர். வலது முன்கையில் முடியே கிடையாது. கரி அடுப்பின் அனலில் கருகிப்போய் பிறகு முளைக்கவே இல்லையாம். ரிட்டயராகியும் தினமும் சாயங்காலம் வண்டி வரும் நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பார். தாமதமானால் அவருக்குத்தான் கோபம் வரும்.

ஓலை பற்றி நம் பிள்ளைகளுக்கே இப்போது தெரியாது, அதனால் சொல்கிறேன். கல்யாணம் பேசி முடித்தால் நம் மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரை வாசிப்பார். இதற்குத் தடை ஏதாவது இருப்பது தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள், மறைத்தால் பாவம் என்பார். ஏற்கெனவே கல்யாணமானவனா, இரத்த உறவா என்று கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு. நம் ஊர் அதை எதற்குப் பயன்படுத்தியது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, டிரைவருக்கு எங்கள் வீட்டில் விருந்து. அம்மா ஆட்டுக்கறிக் குழம்பும் எலும்பு ரசமும் வைத்திருந்தாள். சாப்பாட்டில் பேச்சு ரயிலுக்கு வந்தது. டிரைவர் இருக்கிற இடத்தில் பேச்சு வேறு எங்கே வரும்? மாமா தன் உரத்த குரலில் ஆரம்பித்தார்.

"ஜப்பான்ல கோபேன்னு ஒரு துறைமுகம் மாமா. கடலத் தூத்துத் தீவு கட்டியிருக்கான். கப்பல் அங்கதான் நிக்கும். அங்கேர்ந்து டவுனுக்குப் போவ ஒரு ரயிலு. ஆபீசுக்குப் போறவன், ஸ்கூலுக்குப் போற புள்ள, காய்கறி வாங்கிகினு வர்ற பொம்பள, எல்லாம் அதுலதான். தூண் மேல சிமிட்டி ரோடு மாரி போட்டு, அதுமேல ரப்பர் சக்கரத்துல ஓடுது. ரெண்டு பக்கமும் செவுரு. வண்டி விலாவுல சின்னச் சக்கரம் இருக்குது, அது செவுத்தத் தடவிகினே போவுது. இருட்டுல நாம செவுத்தப் புடிச்சிகினு நடக்கல, அந்த மாரி. டிரைவர் கெடையாது."

"கெடையாதுன்னா? லீவா?" என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார்.

"லீவு இல்ல மாமா. டிரைவருக்குன்னு சீட்டே இல்ல. அந்த எடத்துல நான் உக்காந்துகினு போனேன்."

டிரைவர் கையிலிருந்த எலும்பை இலையில் வைத்தார். "பிரேக்கு யாரு போடறது?"

"அதுவே போட்டுக்கும். பிளாட்பாரத்துல கண்ணாடிச் செவுரு. வண்டிக் கதவும் செவுத்துக் கதவும் நேருக்கு நேரா நின்னு ரெண்டும் ஒண்ணாத் தெறக்கும். ஒரு இஞ்ச் தப்பாது."

"மாப்ள, வில்லியனூர் கேட்டுல ஒரு நாளு இடுப்புல புள்ளையோட ஒரு பொம்பள லைன்ல நின்னுட்டா. பயத்துல காலு நவுரல. ஆறடிக்கு முன்னால நிறுத்துனேன். கண்ணு பார்த்துச்சு, கை போட்டுச்சு. எந்த மிசினு பார்க்கும்?"

இங்கே மாமா வாயை மூடியிருக்கலாம். "நீங்க சொல்றது சரிதான் மாமா" என்றால் என்ன குறைந்துவிடும்? ஆனால் தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"அங்க லைன்ல ஆளே வர முடியாது மாமா. அதான் மேல போவுதே."

டிரைவர் ரசம் சாப்பிடவில்லை. கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் ஒருவன், "டேய், நாளையிலேர்ந்து மாடு இல்லாத வண்டி ஓட்டப்போறேன்டா" என்றான். நீங்கள் பாட்டுக் கட்டினீர்கள். இது எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம், சின்னப் பிள்ளைகள். நான் மன்னிக்காதது சொல்தா தாத்தாவை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை நம் பக்கம் சொல்தா என்போமே, அவர்தான். வெளிநாட்டுச் சமாச்சாரம் எதுவானாலும் நம் ஊருக்கு அவர்தான் கோர்ட். டிரைவர் நேரே அவரிடம் போய்க் கேட்டார். சொல்தா மீசையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"நான் சைகோன் பார்த்தவன். பாரீசுல மெத்ரோவுல போனவன். தரைக்கு அடியில ஓடற வண்டி. அதுலயும் டிரைவர் இருக்கான், தொப்பி போட்டுகினு. பாரீசுலயே இல்லாதது ஜப்பான்காரன் கிட்ட எங்கேர்ந்து வரும்?"

கேட்டீர்களா? பாரீசில் இல்லாதது உலகத்தில் இல்லை. ஜப்பான் எங்கே இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. மாமாவுக்கு மட்டும் தெரியும், அவர் பைத்தியம். அடுத்த வருடமே பிரான்சிலேயே ஒரு ஊரில் டிரைவர் இல்லாமல் ரயில் ஓட்டினார்கள் என்று ரொம்ப நாள் கழித்துப் படித்தேன். அப்போது சொல்தா செத்துப் போயிருந்தார். உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அவர் முகத்துக்கு எதிரே படித்துக் காட்டியிருப்பேன்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு சாயங்காலம் டிரைவர் சாமியாரிடம் போய்த் தடை சொன்னார். மாப்பிள்ளைக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, இல்லாததைப் பார்த்ததாகச் சொல்கிறான், இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் என்கிற தேவதிரவிய அனுமானமே, அதாவது திருச்சடங்கே, செல்லாது என்று. இந்தப் பெரிய வார்த்தையெல்லாம் அவருக்குச் சொல்தாதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சாமியார் சிரித்து அனுப்பியிருக்கலாம். படித்தவர். ரோமாபுரிக்குப் போய் வந்தவர். ஆனால் அவருக்கு ஊரில் சண்டை வரக்கூடாது; அவருடைய ஞானம் அவ்வளவுதான். விசாரணை வைத்தார்.

புதன்கிழமை, சாமியார் பங்களா. மேசைக்கு அந்தப் பக்கம் சாமியார், பக்கத்தில் டிரைவரும் சொல்தாவும். இந்தப் பக்கம் மாமா, அம்மா, நான். மாமா படக் கார்டை மேசையில் வைத்தார். டிரைவர் கண்ணாடி போட்டு, ஜன்னல் பக்கம் கொண்டுபோய், சாய்த்தும் நிமிர்த்தும் பார்த்தார்.

"டிரைவர் குனிஞ்சிருக்கான்" என்றார்.

"எதுக்கு மாமா குனியறான்?"

"பீடி பத்த வைக்க. நானே எத்தினி வாட்டி குனிஞ்சிருக்கேன்."

சொல்தா தலையாட்டினார். ஜப்பான்காரன் பீடி குடிப்பானா என்று கேட்க அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கார்டு அதோடு தீர்ந்தது. அம்மா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று இரவே அடுப்பில் போட்டுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. தம்பிமேல் உயிரையே வைத்திருந்தவள் செய்த வேலை இது.

அப்புறம் சாமியார் என் பக்கம் திரும்பினார். குரலில் சர்க்கரை.

"பாப்பா, நீ நல்ல பிள்ளை. பொய் சொல்லமாட்டே. உங்க மாமா தனியா இருக்கும்போது தனக்குத்தானே பேசுறது உண்டா?"

மாமா கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது எனக்காக ஒரு விளையாட்டு நடத்துவார். அந்த ரயிலில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒரு பெண் குரல் சொல்லுமாம். ரெக்கார்டு செய்த குரல். மாமா மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி இழுத்து இழுத்துச் சொல்வார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு கதவு திறக்கிற மாதிரி நகர்வேன். நான் இல்லாத நேரத்திலும் அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பேசுவாரு சாமி" என்றேன். "பொம்பளக் குரல்ல பேசுவாரு."

 நான் நல்லது சொன்னதாக நினைத்தேன். சாமியார் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அந்தோணியார் படம் எடுத்து எனக்குப் பரிசாகக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதுகூடக் கை எரிகிறது. ஒரு பதினொரு வயசுப் பெண்ணை உட்காரவைத்து, பாதிக் கேள்வி கேட்டு, பாதிப் பதில் வாங்கி, அதற்குக் கூலியும் கொடுத்த பெரிய மனிதர்களை நான் மதித்தே ஆக வேண்டும் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

சாமியார் ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், கோயில் வாசலில், நாலு பேர் கேட்க மாமா சொல்ல வேண்டும்: ரயில் கதை தமாஷுக்குச் சொன்ன பொய். பொய் சொன்னவனுக்குக் கல்யாணத் தடை இல்லை; பைத்தியத்துக்குத்தான் தடை. சொன்னால் மூன்றாவது ஓலை வாசிப்பார். சொல்லாவிட்டால் இல்லை.

"இன்னாடா யோசிக்கற?" என்று வரும் வழியெல்லாம் அம்மா அழுதாள். "ஒரு வார்த்த. சொன்னா வாய் வெந்துடுமா?"

"நான் பார்த்தேன்க்கா."

"பார்த்துட்டுப் போ. எவன் உன் கண்ண நோண்டறான்?"

சனிக்கிழமை சாயங்கால வண்டியில் இறங்கி, அத்தை ஆகப்போகிறவர், தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் கிணற்றடிக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் இப்படி வருவது நம் ஊரில் எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையில் டிபன் கேரியர், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. என்னைப் போகச் சொல்லவில்லை.

"முன்னாடி உக்காந்தீங்களா, நெசமா?" என்று கேட்டார். கேலி இல்லாமல் கேட்ட முதல் ஆள்.

"உக்காந்தேன். கப்பல்ல நான் கீழ கெடக்கறவன். பத்து வருஷமா போறேன், முன்னாடி இன்னா வருதுன்னு ஒரு நாளும் பார்த்ததில்ல. அன்னிக்குத்தான் பார்த்தேன். அந்தத் தீவுல வண்டி வளைஞ்சு சுத்திகினு வரும். எறங்க மனசு வரல. மூணு சுத்து சுத்துனேன்." கிணற்றுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார். "அத்தப் பொய்யின்னு சொல்லச் சொல்றானுங்க."

"எனக்குத் தெரியும், நெசம்தான். எங்கப்பாவுக்கும் உள்ளுக்குள்ள தெரியும். அதான் அவுருக்கு அவ்ளோ கோவம். சொல்லித் தொலைங்க. எனக்குப் பாகூர் வேணாம்."

மாமா சொன்னார். ஞாயிறு காலை, கோயில் வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த உரத்த குரலில்: "ரயிலு கத பொய்யி. தமாசுக்குச் சொன்னேன். நான் எந்த ரயிலும் பாக்கல." டிரைவர் எல்லாருக்கும் கேட்கும்படி "ம்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். மூன்றாவது ஓலை வாசித்தார்கள். நான் அந்தோணியார் படத்தை நாலாகக் கிழித்துக் கோயில் குப்பையில் போட்டேன். கிழித்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கினேன், பரவாயில்லை.

கல்யாணம் ஒரு வாரம் கழித்துத் திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு வீட்டாரும் பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்க, போனோம். வரிசையில் முதல் ஆள் மாமா, அடுத்து நான், எனக்குப் பின்னால் அம்மா. டிரைவர் முடித்துவிட்டு முன் பெஞ்சில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மாமா தொட்டியில், சாமியார் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாவம் கேட்கிற மரக்கூண்டில், முழங்காலிட்டார். ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசியது எனக்குச் சுத்தமாகக் கேட்டது.

"சாமி, ஒரு பொய் சொன்னேன். பார்த்த ரயில பாக்கலன்னு சொன்னேன்."

காது மந்தமானவருக்குக் கேட்க வேண்டும் என்று சாமியாரும் உரக்கவே பேசினார். அது பாவம் இல்லை என்று சாமியார் சொல்லியிருந்தால், மாமாவைப் பைத்தியம் என்றே நினைக்கிறார் என்று விட்டிருப்பேன். அவர் சொன்னது என்ன தெரியுமா? "பொய் பொய்தானே. கைவிரித்து, செபமாலையில் ஐம்பத்துமூன்று மணிக்கும் செபம் சொல்லு." அபராதம் போட்டார்! அப்படியானால் அவர் நம்பினார். தெரிந்துகொண்டே அந்த வாசலில் நிற்க வைத்தார்.

மாமா பீடத்துக்கு எதிரே போய் முழங்காலிட்டு இரண்டு கையையும் விரித்துச் செபம் சொல்ல ஆரம்பித்தார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"வேணும். பொய் சொன்னதுக்கு நல்லா வேணும்" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம்.

என்னால் முடியவில்லை. வரிசையை விட்டு ஓடிப்போய்க் கோயில் நடுவில் நின்று கத்தினேன். "எங்க மாமா ரயிலு பார்த்தது நெசம்! பாக்கலன்னு சொன்னதுதான் பொய்யி! அதுக்குத்தான் சாமியார் அபராதம் போட்டாரு! நான் கேட்டேன்!"

தொட்டியின் திரை விலகியது. சாமியார் என்னைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார்.  திரையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். அம்மா ஓடிவந்து வாயிலேயே அடித்தாள். டிரைவர் எழுந்துவிட்டார்.  "மாப்ள, இன்னா சொல்லுது இந்தப் பொண்ணு?"

பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் அத்தை முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு மாமாவையே பார்த்தார்.

மாமா விரித்த கையை இறக்காமல் தலையை மட்டும் திருப்பினார். "சின்னப் பொண்ணு மாமா. ஒளறுது. நான் எந்த ரயிலும் பாக்கல."

டிரைவர் உட்கார்ந்தார். மாமா மீதி மணிகளைச் சொல்லி முடித்தார், சிலுவை போட்டுக்கொண்டார், எழுந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடியும் பாவசங்கீர்த்தன வரிசையின் கடைசியில் போய் நின்றார்.